'கமிஸரேஷன்ஸ்' என்று எழுதலாமா? மனைவியை இழந்த ஆங்கிலேயருக்கு ஒரு மின்னஞ்சல்

பனியன்காரி (திருப்பூர்):

வணக்கம். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்குப் பதினொரு வருடங்களாகக் குழந்தைகள் பனியன் அனுப்புகிறோம். சாயம் ஒரு ஷேடு கூடிவிட்டது, துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) குறைந்துவிட்டது, கன்டெய்னர் கொழும்பில் நிற்கிறது என்று எந்தக் கெட்ட செய்தியையும் ஆங்கிலத்தில் எழுத எனக்கு வரும். நேற்று அவருடைய உதவியாளரிடமிருந்து இரண்டு வரி வந்தது. அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டாராம். பதில் எழுத உட்கார்ந்தேன்; மூன்று மணி நேரம் ஆகியும் 'டியர்' என்ற சொல்லைத் தாண்டவில்லை.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். 2017இல் கணவரோடு இங்கே வந்திருந்தார். எங்கள் முதலாளி வீட்டில் விருந்து. இலையில் பரிமாறப் பரிமாற மறுக்கத் தெரியாமல் தின்றுகொண்டே இருந்தார். நான்தான் காதில் 'போதும்' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு ஊரை விட்டுப் போகும்வரை எல்லாவற்றுக்கும் 'போதும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், ஆட்டோக்காரரிடம்கூட.

அகராதியில் 'பிறர் துயரில் பங்குகொள்' என்பதற்கு நேரே 'கமிஸரேட்' என்று இருந்தது. அதனால் 'பிளீஸ் அக்செப்ட் மை கமிஸரேஷன்ஸ், ஐ ஷேர் யுவர் கிரீஃப்' என்று எழுதினேன். பக்கத்து மேசைத் தம்பி பரிதாபமான செய்தி என்பதற்கு 'பெத்தெடிக் நியூஸ்' என்று சேர்க்கச் சொல்கிறான். மனிதவளப் பிரிவில் இருப்பவர், இப்போது 'சிம்பதி' பழைய சொல், 'எம்பதி'தான் எழுத வேண்டும், பயிற்சி வகுப்பில் சொன்னார்கள் என்கிறார். முதலாளி, ஆள் உயர மாலை ஒன்றை இணையத்தில் வாங்கி லெஸ்டருக்கு அனுப்பு என்கிறார்.

'ஐ ஆம் ஸாரி' என்று எழுதலாமென்று தோன்றியது. ஆனால் ஸாரி என்றால் மன்னிப்பு அல்லவா? அந்த அம்மா இறந்ததற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? நாளை காலைக்குள் அனுப்பியாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்மண்டி (ஈரோடு):

அம்மணி, இவ்வளவு யோசிக்க வேண்டுமா? 'ஆர்ஐபி' என்று மூன்றெழுத்துப் போட்டுவிடுங்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு நான்கு பேருக்குப் போடுகிறோம்.

தந்தியடித்தவன் (பாளையங்கோட்டை):

அம்மா, 'கமிஸரேஷன்ஸ்' எழுதிய மின்னஞ்சலை முதலில் அழித்துவிடுங்கள். மற்றதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

1974 முதல் ஓய்வு பெறும்வரை நான் தந்தி அலுவலகத்தில் இருந்தவன். 2013 ஜூலையில் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள். ஊரார் துக்கத்தை ஆங்கிலத்தில் அடித்து அனுப்புவதுதான் என் பிழைப்பு. தமிழில் அழுதுகொண்டு வருவார்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் அது ஆங்கிலமாகி, சொல்லுக்கு இவ்வளவு என்று காசாகிவிடும். 'ஃபாதர் எக்ஸ்பயர்டு ஸ்டார்ட் இமீடியட்லி' என்று எத்தனை தடவை அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. நான்கே சொல்லில் ஒரு குடும்பத்தையே ரயிலேற வைக்கும் வாசகம் அது. அந்த 'எக்ஸ்பயர்டு' நம் நாட்டு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. இங்கிலாந்துக்காரருக்கு எழுதும்போது அதைத் தொடாதீர்கள். அங்கே எக்ஸ்பயர் ஆவது பால் பாக்கெட்டும் பாஸ்போர்ட்டும்தான்.

இனி உங்கள் சொற்கள் ஒவ்வொன்றாக.

'கமிஸரேட்' என்ற சொல்லுக்கு அகராதி சொன்ன பொருள் சரிதான். ஆனால் அகராதி பொருளைத்தான் சொல்லும், அது எந்த வீட்டுக்குப் போகிற சொல் என்று சொல்லாது. பிரிட்டனில் இன்று 'கமிஸரேஷன்ஸ்' என்பதைக் கால்பந்தில் தோற்ற அணிக்குச் சொல்கிறார்கள். ஓட்டுநர் உரிமத் தேர்வில் தவறியவருக்குச் சொல்கிறார்கள். வெற்றி பெற்றவருக்கு 'கங்கிராஜுலேஷன்ஸ்', தோற்றவருக்கு அது. மனைவியை இழந்தவருக்கு அதை எழுதினால், 'அடடா, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று முதுகில் தட்டியதுபோல் ஆகிவிடும்.

'பெத்தெடிக்' சொன்ன தம்பியைக் கூப்பிட்டு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, இனிமேல் எந்தக் கடிதத்திலும் கைவைக்காதே என்று சொல்லுங்கள். வேர் கிரேக்க மொழியின் 'பேதாஸ்', துன்பம்தான். இன்றைய பேச்சில் அது 'கேவலமான, கையாலாகாத' என்ற இடத்துக்கு இறங்கிவிட்டது.

'சிம்பதி'யும் அதே வேரிலிருந்து வந்தது. 'சின்' என்றால் கூட. கூடத் துன்பப்படுவது. லத்தீன் வழியாக வந்த 'கம்பாஷன்' என்பதும் அச்சு அசலாக அதே பொருள்தான். 'கண்டோலன்ஸ்' என்பதைப் பிரித்தால் 'கான்' என்றால் சேர்ந்து, 'டோலேரே' என்றால் வலிப்பது. சேர்ந்து வலிப்பது. பாருங்கள், நாம் 'துயரில் பங்கு கொள்கிறோம்' என்று வாய்விட்டுச் சொல்வதை ஆங்கிலம் லத்தீனுக்குள் மடித்து வைத்திருக்கிறது. மடிப்பைப் பிரித்து 'ஐ ஷேர் யுவர் கிரீஃப்' என்று எழுதினால் அவர்களுக்கு உறுத்தும். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவனின் துக்கத்தில் உனக்கு என்ன பங்கு என்று கேட்பதுபோல் இருக்கும். 'கண்டோலன்ஸஸ்' என்று எழுதினால் உறுத்தாது. இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஒன்று உறையில் போட்ட கத்தி.

ஒரு வேறுபாடு உண்டு. கண்டோலன்ஸ் சாவுக்கு மட்டும். சிம்பதி சாவுக்கும் உண்டு, காய்ச்சலுக்கும் உண்டு, வேலை போனதற்கும் உண்டு. வீடு வெள்ளத்தில் மூழ்கியவருக்குக் கண்டோலன்ஸ் எழுதிவிடாதீர்கள், பதறிவிடுவார்.

'எம்பதி' பற்றி. சிம்பதியைப் பழைய சொல் என்று உங்கள் மனிதவளத்துறைக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, எம்பதிக்கு வயது குறைவு. 1909இல் எட்வர்ட் டிச்சனர் என்ற உளவியலாளர், ஜெர்மன் மொழியில் 'ஐன்ஃபூலுங்' என்று வழங்கிய சொல்லுக்கு ஈடாக ஆங்கிலத்தில் உண்டாக்கியது. ஒரு சிலையையோ ஓவியத்தையோ பார்க்கும்போது நாமே அதற்குள் புகுந்துகொள்வதுபோல் உணர்கிறோமே, அதைப் பேசுவதற்குத்தான் அந்த ஜெர்மன் சொல் முதலில் பயன்பட்டது. பிறகுதான் மனிதரைப் புரிந்துகொள்வது என்ற பக்கம் வந்தது. நல்ல சொல்தான். ஆனால் எம்பதி என்பது உங்களிடம் இருக்க வேண்டியது, உறையில் போட்டு அனுப்ப வேண்டியது அல்ல. 'என் எம்பதியை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று யாரும் எழுதுவதில்லை.

இப்போது உங்கள் நல்ல கேள்விக்கு வருகிறேன். ஸாரி. பழைய ஆங்கிலத்தில் இதன் வேர் புண், வலி என்பதற்கான சொல். 'ஸோர்' என்று இன்றும் இருக்கிறதே, அது. அதாவது 'எனக்கு வலிக்கிறது' என்பதுதான் முதற்பொருள். மன்னிப்பு என்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ('ஸாரோ' என்பதும் இதற்கு உறவு என்று நினைப்போம். இல்லை. அது வேறு வேர், முகச்சாயல் மட்டும்தான்.) ஆகவே 'ஐ ஆம் ஸோ ஸாரி' என்று நீங்கள் எழுதினால் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. 'கேட்டதும் எனக்கு வலித்தது' என்கிறீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நாம் அனுதாபம் என்கிறோமே, அது வடமொழியில் 'பின்னால் வேகுதல்'. செய்ததை நினைத்துப் பிறகு வருந்துவது, கழிவிரக்கம். நம்மிடம் வந்து பிறருக்காக வருந்துவதாக மாறிவிட்டது. ஆங்கிலத்தில் வலி மன்னிப்பாயிற்று. இங்கே கழிவிரக்கம் ஆறுதலாயிற்று. எதிரெதிர் ரயிலில் கடந்துபோயிருக்கிறார்கள். அந்த அனுதாபமும் 1984, 1991 தேர்தல்களுக்குப் பிறகு 'அனுதாப அலை' என்று அடித்து ஓய்ந்ததில், எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஓட்டுப் பெட்டி வாசனை வருகிறது. இரங்கல் என்பதே மேல். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் அது. பழைய தமிழில் முரசு ஒலிப்பதையும் 'இரங்கும்' என்றார்கள். சத்தமுள்ள துக்கம். நம் துக்கத்துக்கு அது பொருத்தம்.

ஈரோட்டுத் தம்பிக்கு: ஆர்ஐபி என்பது 'ரெக்வியெஸ்காட் இன் பாசே' என்ற லத்தீன் வேண்டுதலின் சுருக்கம், அமைதியில் இளைப்பாறட்டும் என்று. ஆங்கிலத்தில் சொன்னாலும் அதே மூன்று முதலெழுத்து வருவது தற்செயல். அது இறந்தவருக்காகச் செய்யும் வேண்டுதல். கடிதம் போவது உயிரோடு இருப்பவருக்கு. அவருக்கு என்ன சொன்னீர்கள்?

கடைசியாக ஒன்று. எண்பதுகளில் ஒரு நாள், முப்பது வயதுக்காரர் ஒருவர் பம்பாய்க்கு இரங்கல் தந்தி கொடுக்க வந்தார். இறந்தவர் நண்பனின் தந்தை. நீளமாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதிர்ச்சி, ஈடு செய்ய முடியாத இழப்பு, ஆன்மா, சாந்தி எல்லாம் இருந்தது. காசு போதவில்லை. நானும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக வெட்டினோம். 'ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்ஸஸ்' என்று இரண்டு சொல் மிஞ்சியது. மீதிக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, 'ஹீ டாட் மீ சைக்ளிங்' என்பதைச் சேருங்கள் என்றார். அவர்தான் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான்கு சொல். இது எதற்கு என்று நான் கேட்டேன். அடியுங்கள் என்றார். நான் அனுப்பிய அத்தனை சாவுத் தந்திகளில் இன்றைக்கும் முழுதாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

உங்களிடம் 'போதும்' இருக்கிறதே அம்மா. அதை எழுதுங்கள்.

இரவுப்பணி (லீட்ஸ்):

ஐயா சொன்னதற்கு மேல் மொழியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பதினாறு வருடம் ஆகிறது. நடைமுறையை மட்டும் சொல்கிறேன், அக்கா.

மாலை வேண்டவே வேண்டாம். இங்கே மரண அறிவிப்பில் 'ஃபேமிலி ஃப்ளவர்ஸ் ஒன்லி' என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். குடும்பத்தார் பூ மட்டும் போதும், மற்றவர்கள் விரும்பினால் இன்ன அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாம் என்று பொருள். உதவியாளரிடம் கேளுங்கள், சொல்லிவிடுவார். உங்கள் முதலாளி அனுப்பும் ஆள் உயர மாலை அந்தச் சின்னத் தேவாலயத்துக்குள் நுழைந்தால் வட்டச் செயலாளர் செத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவசரமும் வேண்டாம். நம் ஊரில் காலையில் இறந்தால் மாலையில் எடுத்துவிடுவோம். இங்கே இறுதிச் சடங்குக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அந்த நாட்கள்தான் கொடுமை. வீட்டில் கூட்டம் இருக்காது, ஒப்பாரி இருக்காது, அடுப்பு மூட்டாதே என்று சோறு கொண்டுவரும் பங்காளி இருக்க மாட்டான். அஞ்சலில் வரும் அட்டைகளை அலமாரி மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மின்னஞ்சலோடு ஒரு கையெழுத்து அட்டையும் அனுப்புங்கள். கடையில் அதற்குப் பெயர் 'சிம்பதி கார்டு'. ஆனால் பெரிய மனிதர் இறந்தால் பொதுமக்கள் கையெழுத்திட வைக்கும் ஏடு மட்டும் 'புக் ஆஃப் கண்டோலன்ஸ்'. 1997இல் டயானா இறந்தபோது லண்டனில் அதில் எழுத மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்களாம். 2022இல் ராணி இறந்தபோது இணையத்திலேயே திறந்துவிட்டார்கள். நானும் இரண்டு வரி எழுதினேன், எதற்கென்று தெரியவில்லை.

'பாஸ்டு அவே' என்பதா 'டைடு' என்பதா என்று யோசிப்பீர்கள். வார்டில் உறவினரிடம் சொல்லும்போது நேராக 'டைடு' என்றுதான் சொல்லப் பழக்கினார்கள். 'லாஸ்ட்' என்றால் காணாமல் போய்விட்டாரா என்று பதற்றத்தில் கேட்டவர்கள் உண்டாம். கடிதத்தில் இரண்டில் எது எழுதினாலும் தவறில்லை. உதவியாளர் எந்தச் சொல்லை எழுதினாரோ அதையே நீங்களும் எழுதிவிடுங்கள்.

எழுதக் கூடாதவை: 'அட் லீஸ்ட்' என்று தொடங்கும் எந்த வாக்கியமும். குறைந்தபட்சம் துன்பப்படாமல் போனார், குறைந்தபட்சம் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்பதெல்லாம். 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா' என்று கேள்வி கேட்டு அவரைப் பதில் எழுதக் கட்டாயப்படுத்தாதீர்கள். 'பதில் எழுத வேண்டியதில்லை' என்று ஒரு வரி போட்டால் இங்கே அது பெரிய மரியாதை.

தந்தியடித்தவன் (பாளையங்கோட்டை):

இந்தப் பெண் சொன்னதைக் கேட்டதும் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்கப் போனால் திரும்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டோம். 'போய்விட்டு வருகிறேன்' என்று அந்த வாசலில் யாரும் சொல்வதில்லை, எழுந்து பேசாமல் நடந்துவிடுவோம். அம்மா, நீங்கள் வியாபாரக் கடிதம் எழுதிப் பழகியவர். கை தானாக 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யு' என்று முடித்துவிடும். பார்த்துக்கொள்ளுங்கள்.

வடலி (டொரன்டோ):

ஐயா மன்னிக்க வேண்டும், ஓரிடத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தவர், மரண அறிவித்தலுக்குக் கீழே 'துயர் பகிர்கிறோம்' என்றுதான் எழுதுகிறோம். என்னுடைய தகப்பனார் இறந்தபோது வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து நின்றார். அதற்கு முதல் வருடம்தான் அவருடைய மகன் இறந்திருந்தான். 'ஐ ஷேர் யுவர் கிரீஃப்' என்று அவர் சொன்னபோது எனக்கு உறுத்தவில்லை. யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. பங்கு கேட்கத் தகுதி உள்ளவர்கள் கேட்கலாம்.

'பிரீவ்டு' என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லையே. இழப்புக்கு ஆளானவரை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கொள்ளையடிக்கப்பட்டவர் என்பதுதான் அதன் பழைய பொருள் என்று எங்களுடைய ஆங்கில ஆசிரியர் சொல்லித் தந்தார். செத்த வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

தந்தியடித்தவன் (பாளையங்கோட்டை):

சரிதான். சைக்கிள்காரரும் அந்த வகைதான் போலும். ஒப்புக்கொள்கிறேன்.

பனியன்காரி (திருப்பூர்):

எல்லாருக்கும் நன்றி. அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில் எட்டே வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

செய்தி கேட்டேன். மிகவும் வருந்துகிறேன் (ஐயா சொன்ன 'ஸோ ஸாரி'தான்). 2017இல் உங்கள் மனைவிக்கு நான் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். இலையில் இனிப்பு வைக்க வந்தவரிடம் அதைச் சொல்லிவிட்டு, அவர் திரும்பிய பிறகு என் இலையிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த சீசன் ஆர்டரை நானும் உங்கள் உதவியாளரும் பார்த்துக்கொள்கிறோம். இதற்குப் பதில் எழுத வேண்டாம். என் முதலாளியும் தையல் பிரிவில் அவரைப் பார்த்த எல்லாரும் தங்கள் கண்டோலன்ஸஸைச் சொல்லச் சொன்னார்கள்.

மனைவியின் பெயரை மூன்று இடத்தில் எழுதினேன். இங்கே போட மனமில்லை.

அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்குமுன் கடைசியாக ஒரு முறை பார்த்தேன். நல்ல வேளை. என் மின்னஞ்சலின் அடியில் தானாக வந்து உட்காரும் கையொப்பத்தில் 'ஹேவ் எ கிரேட் டே' என்ற வாசகமும், புது சீசன் உடுப்புப் போட்டுச் சிரிக்கும் இரண்டு குழந்தைகளின் படமும் இருந்தன. பதினொரு வருடமாக இருக்கிறது, நேற்றுத்தான் கண்ணில் பட்டது. எடுத்துவிட்டேன்.

முதலாளிக்கு மாலை விஷயத்தில் மனவருத்தம்தான். அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பச் சம்மதித்துவிட்டார். ஆனால் ரசீதில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்குமா என்று கேட்கிறார்.

மஞ்சள்மண்டி (ஈரோடு):

இவ்வளவு விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் மகன் அயர்லாந்தில் வேலை பார்க்கிறான். அவனுடைய மேலாளரின் நாய் செத்துவிட்டதாம். நாய்க்கு என்ன சொல்லை எழுத வேண்டும்? கண்டோலன்ஸ் போடலாமா? சிரிக்காதீர்கள், பையன் நிஜமாகவே கேட்கிறான்.

இரவுப்பணி (லீட்ஸ்):

சிரிக்கவில்லை. நாய்க்கென்றே தனியாக சிம்பதி கார்டு கடையில் விற்கிறார்கள். 'ஸோ ஸாரி' போதும். நாயின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதச் சொல்லுங்கள்.